ஏழு மூச்சு எண்ணும் பாலம்

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆறு தேசத்து ஆளுங்க இந்தச் சமையலறையில உட்கார்ந்து நமக்காக வேலை பார்ப்பாங்க. ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது. ஒரு பிஸ்கட் கூட நீட்ட வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி பாலம் தன்னால எழுந்து நிக்கும். நடக்கலேன்னா, இந்தப் புதுக் கோட்டோட கழியை ஊன்றி வாய்க்காலைத் தாண்டிக் காட்டறேன்!"

யிட்ஸ்கே அத்தை இதைச் சொல்லிவிட்டு, காபிக் கோப்பையை மேஜையில் ஓங்கி வைத்தாள். சர்க்கரை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த அவள் தம்பி வீப்ரென் கத்தியைக் கீழே போட்டார்.

அத்தைக்கு எழுபது நெருங்குகிறது. இளமையில், கழி ஊன்றி வாய்க்கால் தாண்டும் போட்டியில் ஒரு கோப்பை வாங்கியது நிஜம். மற்றப் பதினேழு கோப்பைகளும் அவள் வாயிலேயே வார்த்தவை.

"ஆறு தேசமா? ஏன்க்கா, குழாய் ரிப்பேருக்குப் பக்கத்துத் தெரு ஆள் வரவே மூணு நாள் ஆச்சு."

"அவன் காசு கேக்கறவன்டா. அதான் லேட்டு."

நடுவில் உட்கார்ந்திருந்த வீப்ரெனின் மகள் ரிக்ஸ்ட் அப்பாவையும் பார்க்கவில்லை, அத்தையையும் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகப் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை கலவரத்துக்கும் காரணம் ஒரு புறா.

ஆல்டசைல் ஊரின் தூக்குப் பாலத்தை எழுப்பி இறக்கும் பெட்டியைச் செய்வது இந்தக் குடும்பத்தின் கம்பெனி. நெதர்லாந்தின் இந்த ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் இன்னும் பதினாலு பாலங்களுக்கு அதே பெட்டிதான். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளில் பாதிக்கு மேல் ஓப்பன் சோர்ஸ். அதாவது யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். அதில் ஒன்றின் பெயர் புறா. காற்று எவ்வளவு அடிக்கிறது, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற சேதியைப் பாலத்திலிருந்து கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டுபோவது அதன் வேலை.

போன வாரம் அந்தப் புறாவில் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது. வெளியாள் யார் வேண்டுமானாலும் அதன் காலில் பொய்ச் சேதியைக் கட்டிவிடலாம். உலகத்துப் புறாக்களையெல்லாம் ஒரே நாளில் சரி செய்துவிட்டார்கள். ஆல்டசைல் புறாவை மட்டும் முடியவில்லை.

ஏனென்றால் அது வீப்ரென் வளர்த்த புறா. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அதை எடுத்து, தன் கைவேலையை உள்ளே வைத்துத் தைத்து, யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்துக்கொண்டார். வெளியே புதுப் புறா வரும்போதெல்லாம் அப்பாவின் தையலைப் பிரித்து, புதியதில் மறுபடி தைக்க வேண்டும். ரிக்ஸ்ட் கம்பெனிக்கு வந்த புதிதில் இரண்டு முறை தைத்தாள். மூன்றாவது முறை ஊசி ஒடிந்தது என்றே சொல்லலாம். அதன் பிறகு இவர்களின் புறா கிழடு தட்டிப்போனது. ஓட்டையை அடைக்க இப்போது வந்திருக்கும் ஒட்டு அதற்குப் பொருந்தவே இல்லை.

ஓட்டை அடைபடும் வரை பாலத்துக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் இணைப்பு கூடாது என்று மாகாண அலுவலகம் சொல்லிவிட்டது. இன்று மாலைதான் கடைசி. தவறினால் நாளை வேறு கம்பெனியின் பெட்டி வரும். ஒரு பாலம் போனால் பதினாலும் போகும். அப்புறம் கம்பெனி என்பது ஒரு காலிக் கொட்டகையும் வாசலில் ஒரு பெயர்ப் பலகையும்தான்.

போதாக்குறைக்கு, பாய்மரப் பருவம் தொடங்கும் நாளும் இன்றுதான். பாலக்காரர் ஈப்பே விடியலிலிருந்து கைப்பிடியைச் சுற்றிப் பாலத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். காத்திருந்த படகுகளின் வால் டென்மார்க் வரைக்கும் போயிருந்தது. சரி, டென்மார்க் இல்லை, பால் பண்ணை வளைவு வரைக்கும்.

ரிக்ஸ்ட் விடியலிலிருந்து சொல்லிவந்ததையே மறுபடி சொன்னாள். "அப்பா, நீங்க செஞ்ச மாத்தத்தை அப்படியே வெளியில வைப்போம். புறாவைப் பராமரிக்கறவங்க பார்க்கட்டும். பிடிச்சா அவங்களே புதுப் புறாவுக்குள்ள சேர்த்துப்பாங்க. அப்புறம் நாம தைக்கவே வேண்டாம்."

"பன்னெண்டு வருஷமா காப்பாத்தின ரகசியம் அது!"

"யார்கிட்டேர்ந்து காப்பாத்தினீங்க? யாரும் திருட வரலையே."

"வராததுக்குக் காரணமே நான் காப்பாத்தினதுதான்!"

அத்தை மேஜையைத் தட்டிச் சிரித்தாள். வீப்ரென் ரொட்டியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

அத்தை ரிக்ஸ்டைச் சாமான் அறைக்குள் இழுத்தாள். "அவன்கிட்ட ஏன் கெஞ்சறே? நைஸா போட்டுடு. அவனுக்கு எங்கே தெரியப்போகுது?"

"முடியாது அத்தை. கம்பெனியிலேர்ந்து எது வெளியே போறதா இருந்தாலும் முதலாளி சரின்னு சொல்லணும். போறதுக்கு முன்னாடி உள்ளே என்ன இருக்குன்னு ஒருத்தர் முழுசா படிச்சிருக்கணும். வெளியே போனப்புறம் கேள்வி வந்தா பதில் சொல்ல ஒருத்தர் இருக்கணும். நான்தானே எழுதி சுவத்துல ஒட்டினேன்?"

"உன் விதி உன் காலையே கட்டுது பாரு."

"எழுதினவளே மீறினா, நாளைக்கு அந்தத் தாள்ல மீனைச் சுத்துவாங்க."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்கப்பன் பிடிவாதம் உனக்கும் வந்திருக்கு. ஆனா உனக்கு அது நல்லா தெச்ச சட்டை மாதிரி இருக்கு."

வெளியே நீண்ட சங்கொலி. வரிசையின் முதல் படகுக்காரர் பொறுமை இழந்திருந்தார். ஈப்பே சட்டையைக் கழற்றிவிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். வீப்ரென் ஜன்னலை விட்டு அசையவில்லை.

ரிக்ஸ்ட் போய் அவர் பக்கத்தில் நின்றாள். "வேற வழி இருந்தா சொல்லுங்கப்பா. அதையே செய்யலாம்."

அவர் கையிலிருந்த ரொட்டியை ஜன்னல் ஓரத்தில் வைத்தார். பிறகு, படகுகளுக்குக் கூடக் கேட்டுவிடக் கூடாது என்பது போன்ற குரலில் சொன்னார்: "பார்த்துச் சிரிப்பாங்க ரிக்ஸ்ட்."

அப்பாவுக்குப் பயம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பனிப்புயலில் பாலத்தின் உச்சியில் ஏறி விளக்கு மாட்டியவர் அவர்.

"சிரிச்சா நான் பதில் சொல்றேன்," என்றாள்.

வீப்ரென் மூக்கை உறிஞ்சினார். உடனே பழைய குரல் திரும்பிவிட்டது. "போடு! ஆனா எழுதி வெச்சுக்கோ, ஒரு ஈ காக்கா வராது. அக்கா சொன்ன ஆறு தேசமும் வந்தா, பாலத்து மேல நின்னு ஊரறிய ஒத்துக்கறேன்."

"கழியைத் துடைச்சு வைக்கறேன்," என்றாள் அத்தை.

ரிக்ஸ்ட் அப்பாவின் வேலையை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். நல்லவேளை, அத்தை சொன்னபடி நைஸாகப் போடவில்லை. கட்டுப்பாட்டு அறைக்கான ரகசியச் சொல் பச்சையாக உள்ளே உட்கார்ந்திருந்தது. எப்போதோ செத்துப்போன நாயின் பெயர்.

"போலே!" அத்தை நெஞ்சில் கை வைத்தாள். "செத்தும் காவல் காக்குதே கண்ணு!"

"அத்தை, இதைத்தான் இன்னும் எல்லாப் பாலத்துலயும் வெச்சிருக்கோம். முதல்ல எல்லாத்தையும் மாத்தறேன்."

மாற்றினாள். அடுத்து, விளக்குகளுக்கான ஒரு துண்டு. அது விளக்கு விற்ற கம்பெனிக்காரன் எழுதியது. நம்முடையது இல்லாததை நாம் எப்படிக் கொடுப்பது? அதையும் எடுத்தாள். நடுநடுவே அப்பா எழுதி வைத்த குறிப்புகள் வேறு. 'அக்கா இன்று மூன்று தடவை போன் செய்யாமல் இருந்தால் இந்தப் பகுதி இன்னும் சுருக்கமாக இருந்திருக்கும்.'

"அதை எடுக்காதே," என்றாள் அத்தை. "உலகத்துக்குத் தெரியட்டும்."

ரிக்ஸ்ட் எடுத்துவிட்டாள். பிறகு, யாருடைய வேலை, எதற்காகச் செய்தது, எந்தப் பாலத்தில் ஓடுகிறது, என்ன உரிமத்தில் கொடுக்கிறோம் என்று நான்கு வரி எழுதினாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். ஆட்டிய தலை நிற்பதற்குள் பொத்தானை அழுத்திவிட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. ஆறியது. வீப்ரென் எழுந்துபோய் வாசல் கதவை விரியத் திறந்தார். "ஆறு தேசத்துக்காரங்களே, வாங்க வாங்க! செருப்பை வெளியே விட்டுட்டு வாங்க!"

அப்போது கணினி ஒரு தரம் கிணுங்கியது.

போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து இல்டா என்ற பெண். துறைமுகத்தில் வேலை. புறாவைப் பராமரிப்பது அவள்தான். ரிக்ஸ்ட் உரக்கப் படித்தாள்: "நான்கு வருடமாக எங்கள் கிரேன்கள் காற்றில் பாதியில் நின்றுபோகின்றன. எதனால் என்று தேடிக்கொண்டே இருந்தேன். பதில் உங்கள் ஊரில் இருந்திருக்கிறது. இதை எழுதியவர் யார்? காற்றை நம்புவதற்கு முன் ஏன் ஏழு வரை எண்ணுகிறார்?"

வீப்ரென் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கேக்கறாங்கப்பா. ஏன் ஏழு?"

"ஏன்னா... தேவாலயக் கோபுரத்துல மோதித் திரும்பற காத்து பொய்க் காத்து. திடீர்னு அறையும், போயிடும். அதைப் புயல்னு நம்பி பாலம் பாதியில நின்னுடும். நிஜக் காத்துன்னா ஏழு மூச்சு தாண்டியும் அடிக்கும். நான் பாலத்து மேல நின்னு எண்ணினேன். ஒரு குளிர்காலம் முழுக்க எண்ணினேன்."

அத்தை கூட வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவள் வாழ்நாளில் அது இரண்டாவது முறை.

"எனக்குச் சொல்லவே இல்லையேப்பா."

"நீ கேக்கலையே."

அவர் சொன்னதை ரிக்ஸ்ட் அப்படியே எழுதி அனுப்பினாள். இல்டாவிடமிருந்து வந்த பதில் ஒரே வரி: "ஐயா, அந்தக் குளிர்காலத்துக்கு எங்கள் துறைமுகம் முழுவதும் நன்றி சொல்கிறது."

அத்தை ஒரு சாஸரை எடுத்து நடுவில் வைத்து, அதில் ஒரு பிஸ்கட்டைப் போட்டாள். "போர்ச்சுகல்," என்றாள். "தேசத்துக்கு ஒண்ணு. இந்தத் தட்டுதான் கோர்ட்டு."

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை, வீப்ரெனும்தான் நம்பவில்லை. ஐஸ்லாந்தில் பனிப்புயலின்போது சாலையை மூடும் கதவைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் வந்தார். எங்கள் காற்றுக்கு ஏழு போதாது, பதினொன்று வேண்டும், ஆகவே அந்த எண்ணை அவரவர் மாற்றிக்கொள்ளும்படி செய்துவிட்டேன், சரிபாருங்கள் என்றார். நார்வேயில் படகுத்துறைக்காரர் தன் பெட்டியில் ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாக ஓடுகிறது என்றார். உருகுவேயில் அப்போதுதான் விடிந்திருந்தது. அங்கே ஒரு பெண் பல் கூடத் தேய்க்காமல் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு, பழைய தையலைப் புதுப் புறாவின் உடம்புக்கு அளவெடுத்து வெட்டினாள். தைவானில் ஒருவர் தூங்கப் போகும் முன் எழுத்துப்பிழைகளைத் திருத்தினார்.

யாரும் யாரையும் பார்த்ததில்லை. யாரும் கூலி கேட்கவில்லை. ரிக்ஸ்டுக்கு இது தொழில். தினமும் பார்ப்பதுதான். ஆனாலும் அன்று அவளுக்குப் புல்லரித்தது. பூமி மெதுவாகத் திரும்பத் திரும்ப, வெளிச்சம் படும் இடத்திலெல்லாம் ஒருவர் எழுந்து, அப்பா பாலத்தில் நின்ற அந்தக் குளிர்காலத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அடுத்தவரிடம் கொடுப்பது போல இருந்தது.

ஸ்லோவேனியாக்காரர் கடைசியாக வந்தார். வந்ததும் குற்றம் கண்டுபிடித்தார். "காற்றுமானி செத்துப்போய் ஒன்றுமே சொல்லாவிட்டால், உங்கள் எண்ணிக்கை முடியவே முடியாதே. பாலம் காத்துக்கொண்டே நிற்குமே?"

"வந்துட்டான்!" என்று வீப்ரென் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "சொல்லலே, சிரிப்பாங்கன்னு? பன்னெண்டு வருஷமா ஓடுது. என்னிக்காவது..." பாதியில் நிறுத்தினார். முகம் மாறியது. "ரிக்ஸ்ட். அந்த நவம்பர்."

ஊரில் எல்லோருக்கும் தெரியும் அந்த நவம்பர். பாலம் பாதியில் நின்று, பிரசவ வலியெடுத்த பெண்ணை ஈப்பே படகில் அக்கரை சேர்த்தார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஏன் நின்றது என்று மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. வீப்ரென் அன்றிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அன்னிக்கு மானி உறைஞ்சுபோச்சு," என்றார் மெல்ல. "மோட்டாரைப் பிரிச்சேன். வயரைப் பிரிச்சேன். இதை மட்டும் பிரிச்சுப் பார்க்கலை. நான் எழுதினதாச்சே, தப்பா இருக்காதுன்னு."

ரகசியத்தைப் பூட்டி வைத்தவர், அதற்குள் இருந்த பிழைப் பூச்சியையும் சேர்த்துத்தான் பூட்டி வைத்திருந்தார்.

ரிக்ஸ்ட் குனிந்தாள். நாற்காலியைத் தூக்கி நிறுத்தினாள். அவர் உட்கார்ந்தார். "அந்த ஆளுக்கு எழுது," என்றார். "நீங்க சொல்றது சரின்னு எழுது. எப்படித் திருத்தலாம்னு நான் சொல்றேன், அதையும் எழுது."

எழுதினார்கள். ஸ்லோவேனியாக்காரர் அதைவிடச் சுருக்கமாக ஒரு வழி சொன்னார். வீப்ரென் படித்துவிட்டு, "கெட்டிக்காரன்," என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் அது தேசிய விருதுக்குச் சமம்.

மதியம் சரியும்போது இல்டா புதுப் புறாவை வெளியிட்டாள். ஓட்டை அடைபட்டிருந்தது. ஏழு மூச்சு உள்ளே இருந்தது, இனி எல்லோருக்கும்.

"எடுத்துக்கிட்டு ஓடலாம் வா!" என்றார் வீப்ரென்.

"ஓடக் கூடாது. முதல்ல கொட்டகையில."

கொட்டகையில் சோதனைக்கென்று ஒரு பெட்டியும், அதோடு இணைத்த பொம்மைப் பாலமும் உண்டு. அத்தை முடி உலர்த்தும் கருவியைக் காற்றுமானிக்கு நேரே இரண்டு மூச்சு நேரம் பிடித்துப் பொய்ப் புயலடித்தாள். பொம்மைப் பாலம் நின்று யோசித்தது, எழுந்தது. மானியின் வயரைப் பிடுங்கினார்கள். பாலம் பத்திரமாக இறங்கிப்போய், மானி செத்துவிட்டது என்று சேதி சொன்னது. பழைய ஓட்டை வழியாக ரிக்ஸ்ட் பொய்ச் சேதி அனுப்பிப் பார்த்தாள். புறா அதைத் தொடக்கூட இல்லை. ஒவ்வொன்றையும் மாகாண அலுவலகத்துக்கு அனுப்பினாள். இணைக்கலாம் என்று பதில் வந்தது.

கிளம்பும்போது அத்தை சாஸரை எட்டிப் பார்த்தாள். அதில் ஐந்தே ஐந்து பிஸ்கட்.

"இருக்காதே! ஆறு போட்டேனே!"

"தட்டுதான் கோர்ட்டுன்னு யார் சொன்னது?" என்றார் வீப்ரென். "அஞ்சு தேசம். கழியை எடுக்கா."

ரிக்ஸ்ட் திரையைப் பார்த்து எண்ணிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவின் மீசையில் ஒட்டியிருந்த துகளைப் பார்த்துவிட்டாள். சிரிப்பை விழுங்கிக்கொண்டு பெட்டிச் சாவியை எடுத்தாள்.

பாலத்தில் ஊரே கூடியிருந்தது. ஈப்பே கைப்பிடியைத் தரையில் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வீப்ரென், இது எழும்பலேன்னா உன்னையே இந்தக் கைப்பிடியில மாட்டிச் சுத்துவேன்."

ரிக்ஸ்ட் பெட்டியில் புதுப் புறாவை ஏற்றினாள். கட்டுப்பாட்டு அறை இணைந்தது. மணி அடித்தது, தடுப்புகள் இறங்கின. பாலம் அசைந்தது.

கால்வாசி எழுந்தபோது காற்று வந்தது. கோபுரத்தில் மோதி, திரும்பி, பாலத்தை அறைந்தது. பாலம் நின்றது.

யாரும் மூச்சு விடவில்லை. வீப்ரென் மட்டும் விட்டார், சத்தமாக, எண்ணி எண்ணி. ஒன்று, இரண்டு... பின்னால் படகுக்காரர் ஒருவரும் கூட எண்ணத் தொடங்கினார். பிறகு ஈப்பே. ஐந்து, ஆறு... கரை முழுவதும் எண்ணியது. ஏழு.

பாலம் எழுந்தது. மாலை வெயிலில் அந்தப் பெரிய இரும்புப் பலகை வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. முதல் படகின் பழுப்புப் பாய் அதன் அடியில் நுழைந்தபோது யாரும் கைதட்டவில்லை. தேவாலயத்தில் நிற்பவர்கள் போலத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.

ரிக்ஸ்டின் போன் சட்டைப்பையில் அதிர்ந்தது. இல்டா. 'உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பதினோரு வருடமாக வேலை முடிந்து வந்த மாலைகளில் புறாவைத் தனியாகப் பார்த்துக்கொண்டேன். இனி என்னால் முடியாது. உங்கள் கம்பெனி ஏற்றுக்கொள்ளுமா? யோசித்துச் சொல்லுங்கள். என்னிடம் நாட்கள் அதிகம் இல்லை.'

அந்தக் கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்தாள். கூட்டம் கலைந்ததும் அப்பாவிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பாலம் இறங்கியது. அத்தை வாக்குத் தவறாதவள். புதுக் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, கழியோடு வாய்க்கால் ஓரம் போய் நின்றாள். தண்ணீரைப் பார்த்தாள். கழியைப் பார்த்தாள். அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு நியாயமான சந்தேகம் தோன்றியது.

"அக்கா, நில்லு!"

வீப்ரென் பாலத்தின் நடுவில் ஏறி நின்றிருந்தார். படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆறாவது பிஸ்கட்டை நான்தான் தின்னேன்," என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். "ஸ்லோவேனியா. ஆறு தேசமும் வந்துச்சு. ஒருத்தர் கூடச் சிரிக்கலை." தொப்பியைக் கழற்றினார். "நடந்துச்சுக்கா. நீ சொன்ன மாதிரியே நடந்துச்சு."